வெறும் அலங்காரம்

லண்டனில் பழைய அச்சுப்படங்கள் விற்கும் சந்தைகளில் படங்களைப் பெட்டிகளில் வகைபிரித்து அடுக்கியிருப்பார்கள். நிலவரைபடங்களுக்கு ஒரு பெட்டி, தாவரங்களுக்கு ஒன்று, பறவைகளுக்கு ஒன்று, ஊர்க்காட்சிகளுக்கு ஒன்று. இவற்றில் எதிலும் சேராதவை 'அலங்காரம்' என்று எழுதிய பெட்டிக்குள் கிடக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெட்டியிலிருந்துதான் நான் ஒரு தாளை வாங்கினேன். 1920களின் தொடக்கத்தில் பாரிஸில் வெளிவந்த உடையலங்கார இதழொன்றிலிருந்து பிரிந்து வந்த தனித்தாள் அது. இரவு விருந்துக்குப் புறப்பட்டு நிற்கும் ஒரு பெண், சிவப்பு மேலங்கி, பின்னால் ஒன்றுமே வரையப்படாத வெற்றுத்தாள். பெயர்பெற்ற ஓவியர் வரைந்ததல்ல. அதனால்தான் அது என் விலைக்குக் கட்டுப்பட்டது.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய அன்றே, அப்போது பதினொரு வயதாயிருந்த மகள் ஒரு குற்றம் கண்டுபிடித்தாள். "அப்பா, இவவுக்கு நிழலே இல்லை. நிலத்தில நிக்கிறாவா, மிதக்கிறாவா?"

"அது வெறும் அலங்காரப் படம்தானே, பிள்ளை" என்றேன். சொன்ன பிறகு அந்த 'வெறும்' என்ற சொல் என்னை உறுத்தியது. பெட்டியில் பெயர் எழுதிய வியாபாரியின் தீர்ப்பை நான் யோசிக்காமலே திருப்பிச் சொல்லியிருந்தேன். இந்த வகைப் படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

1908 முதல் 1925 வரை பாரிஸில் உருவான இந்த உடையலங்காரப் படங்கள் மீது வழக்கமாக இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. ஒன்று, இவை விளம்பரங்கள். மற்றது, இவை அழகாக இருக்கின்றன, அதற்கு மேல் ஒன்றுமில்லை. முதலாவது உண்மை, ஆனால் அதனால் படத்துக்கு இழுக்கில்லை. இரண்டாவது பொய். இந்தப் படங்களின் உண்மையான குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. இவற்றைக் கொண்டாடுபவர்கள் அதைப் பெரும்பாலும் பேசாமலே கடந்துபோகிறார்கள்.

*

கதை போல் புவாரே என்ற உடை வடிவமைப்பாளரிடமிருந்து தொடங்குகிறது. தூசே, வொர்த் ஆகிய பெரிய நிறுவனங்களில் வேலை பழகியவர் 1903இல் சொந்தக் கடை திறந்தார். சில ஆண்டுகளில், இடுப்பை இறுக்கும் கோர்செட் இல்லாமல் அணியும் உடைகளைத் தைக்க ஆரம்பித்தார். அவருடைய உடைகளில் இடை மார்புக்குக் கீழே ஏறியது. துணி அங்கிருந்து நேராகத் தரைக்கு விழுந்தது. 1908இல் இந்த உடைகளைக் காட்ட ஒரு படத்தொகுப்பு வெளியிட விரும்பி, இருபத்தைந்து வயதான போல் இரிப் என்ற ஓவியரை அமர்த்தினார். 'போல் புவாரேயின் உடைகள்' என்ற அந்தத் தொகுப்பில் பத்துத் தாள்கள். 250 பிரதிகள் மட்டுமே அச்சாயின.

அதற்கு முந்தைய உடைப்படங்களோடு வைத்துப் பார்த்தால்தான் இரிப் செய்தது புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெண்கள் இதழ்களில் வந்த படங்கள் ஒருவகையில் தையற்காரருக்கான கையேடுகள். இரண்டு பெண்கள் ஒரு வரவேற்பறையில் நிற்பார்கள். ஒவ்வொரு பொத்தானும், சரிகையின் ஒவ்வொரு மடிப்பும், கைமுனையின் ஒவ்வொரு சுருக்கமும் செதுக்கு ஊசியால் கீறப்பட்டிருக்கும். ஊரிலுள்ள தையற்காரர் அதைப் பார்த்துத் தைக்க வேண்டும் அல்லவா? தகவல் தருவதே படத்தின் கடமையாக இருந்தது. ஆனால் 1901இல் தொடங்கிய 'லே மோத்' என்ற இதழ் உடைகளைப் புகைப்படங்களாகவே வெளியிட்டது. தகவல் சொல்லும் கடமையைக் கமெரா எடுத்துக்கொண்டது. கையால் வரையும் உடைப்படம் மங்கிப்போனது அப்போதல்ல. அதன் பொற்காலமே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சுமை இறங்கிய பிறகு அது வேறு வேலைக்குப் போனது.

இரிப்பின் தாள்களில் பின்னணி கறுப்பு, சாம்பல் கோடுகள் மட்டுமே. நாற்காலி, மேசை, சுவரில் மாட்டிய படம் எல்லாம் நிறமற்ற கோட்டுச் சித்திரங்கள். பெண்கள் அணிந்த உடைக்கு மட்டும் நிறம். மஞ்சள் என்றால் ஒரே மஞ்சள், பச்சை என்றால் ஒரே பச்சை. ஏற்ற இறக்கம் இல்லை, நிழல் இல்லை. சில பெண்கள் நமக்கு முதுகைக் காட்டி நின்று வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களிலிருந்து வந்த பாடம் இது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

மகளின் கேள்விக்கான விடையை நான் இங்கேதான் கண்டேன். கோர்செட் அணிந்த உடலை வரைய நிழல் வேண்டும். மார்பை முன்னே தள்ளி, இடுப்பை நெரித்து, பின்புறத்தைப் புடைக்க வைத்த உருவம் அது. மேடும் பள்ளமும்தான் அதன் அழகு. மேடு பள்ளத்தைத் தட்டைத் தாளில் காட்ட நிழலைத் தவிர வேறு வழியில்லை. புவாரேயின் உடையோ தோளிலிருந்து தொங்குகிறது. தோளிலிருந்து கீழே விழும் ஒரு கோடுதான் அதன் அமைப்பே. அந்தக் கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டால் உடை முழுவதையும் சொன்னதாகிவிடும். ஆகவே இரிப் நிழலை விட்டது அழகுக்காக மட்டுமல்ல. அந்த உடையைப் பற்றிய மிகச் சரியான விவரணை அதுதான். தட்டையாக வரைந்ததால் உண்மை குறைந்துவிடவில்லை, தட்டையாக வரைந்ததால்தான் உண்மை வந்தது.

விளம்பரம் என்ற குற்றச்சாட்டையும் இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். புவாரே காசு கொடுத்தார், இரிப் வரைந்தார். மன்னன் பொன் கொடுக்கப் புலவன் பாடியதை நாம் இலக்கியம் என்றுதான் படிக்கிறோம். யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்பது நல்லதுதான். ஆனால் அந்தக் காசுக்குள் நின்று கலைஞன் எதைக் கண்டுபிடித்தான் என்பது அதற்கடுத்த கேள்வி. முதற்கேள்வியோடு நின்றுவிடுவது வாசிப்பாகாது.

இதே படங்கள் மறைத்த ஒன்றும் உண்டு. இடுப்பை விடுவித்த புவாரேதான் 1910ஐ ஒட்டிக் கணுக்கால்களைச் சேர்த்துக் கட்டியதுபோன்ற ஒடுங்கிய பாவாடையையும் பரப்பினார். அதை அணிந்தவர்கள் குறுகிய அடிகள் வைத்தே நடக்க முடியும், வண்டியில் ஏறுவதே பெரும்பாடு. படங்களில் இந்தச் சிரமம் தெரிவதில்லை. படத்துப் பெண்கள் நிற்கிறார்கள், சாய்கிறார்கள், திரும்பிப் பார்க்கிறார்கள். படியேறுவதில்லை. விடுதலையைச் சொன்ன அதே கோடு, விலங்கையும் ஒரு நளினமான வளைவாக ஆக்கிவிட்டது. இதை ஓவியரின் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அலங்காரம் என்பது எதை விடுவது என்ற தேர்வு என்றால், எதை விட்டார்கள் என்று ஒவ்வொரு தடவையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

*

1911இல் புவாரே இன்னொரு தொகுப்பு வெளியிட்டார். இம்முறை ஓவியர் ஜோர்ஜ் லெபாப், பிரதிகள் ஆயிரம். இரிப்பின் பெண்களைவிட லெபாப்பின் பெண்கள் நீண்டவர்கள், சோம்பலானவர்கள். கண்கள் பாதி மூடியிருக்கும். அவர்கள் தாளின் ஓரத்தில் நிற்பார்கள், நடுப்பகுதி காலியாகக் கிடக்கும். தொகுப்பின் கடைசிப் பகுதியில், 'நாளையவர்கள்' என்ற தலைப்பின்கீழ், காற்சட்டை அணிந்த பெண்கள் வருகிறார்கள். அன்றைய பாரிஸ் தெருவில் அப்படி ஒரு பெண் நடந்திருந்தால் கூட்டம் கூடியிருக்கும். தெருவில் நடக்க முடியாத பெண் தாளில் நடந்தாள். 'வெறும் அலங்காரம்' இதைச் செய்யுமா?

அடுத்த ஆண்டு, 1912 நவம்பரில், லூசியன் வோகெல் என்ற பதிப்பாளர் 'கசெத் து பொன் தொன்' என்ற இதழைத் தொடங்கினார். நல்ல ரசனையின் செய்தித்தாள் என்று பெயருக்குப் பொருள் கொள்ளலாம். வொர்த், தூசே, பக்கான், புவாரே உட்பட ஏழு உடை நிறுவனங்கள் இதழோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்டுச் சந்தா 100 பிராங்க். எல்லோரும் வாங்கக்கூடிய தொகையல்ல அது. இதழுக்கு வழக்கமாகப் பத்து வண்ணத் தாள்கள். அவற்றில் ஏழு, நிறுவனங்கள் தைத்த உடைகள். மீதி மூன்று, ஓவியர்கள் தாங்களே கற்பனை செய்தவை. அதாவது எந்தத் தையற்காரரும் தைக்காத, எந்தக் கடையிலும் கிடைக்காத உடைகளும் அதே மரியாதையோடு அச்சாயின. விளம்பரம் மட்டுமே நோக்கமென்றால் அந்த மூன்று தாள்களுக்கு என்ன அவசியம்?

இதழின் எழுத்துருவும் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுச் செப்புத்தகட்டு எழுத்துகளின் சாயலில், ஜோர்ஜ் பெய்ஞோவின் வார்ப்பகம் அப்போதுதான் வார்த்திருந்த கோஷான் எழுத்து அது. ஆப்பிள் கணினிகளின் எழுத்துருப் பட்டியலில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. அலுவலகத்தில் ஆவணங்கள் தயாரிக்கும்போது அந்தப் பட்டியலை நான் எத்தனையோ முறை உருட்டிக் கடந்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

கசெத்தின் படங்களைப் பார்க்கும்போது நாம் தவறவிடுவது அவற்றின் அடியிலுள்ள வரியை. ஒவ்வொரு தாளின் கீழும் முதலில் ஒரு தலைப்பு, பிறகு சிறிய எழுத்தில் உடையின் வகையும் தைத்தவர் பெயரும். லெபாப் 1912இல் வரைந்த ஒரு தாளின் தலைப்பு 'சீக்கிரம் வந்துவிட்டேனோ?' அதற்குக் கீழே: புவாரேயின் நாடக அரங்கு மேலங்கி. அந்த ஒரு கேள்வியில் மேலங்கி கதையாகிவிடுகிறது. யாருக்காகவோ காத்திருக்கும் ஒரு மாலை, தான் முந்திக்கொண்டோமோ என்ற சிறிய வெட்கம், இன்னும் நிரம்பாத அரங்கு.

தமிழில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த தற்குறிப்பேற்ற அணி. மதுரையின் மதிற்கொடிகள் காற்றில் அசைகின்றன. அது இயல்பாக நடப்பது. கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று அவை கைகாட்டித் தடுப்பதாக இளங்கோ ஏற்றிச் சொல்கிறார். நிகழ்வு இயற்கையுடையது, குறிப்பு கவிஞருடையது. லெபாப் செய்வதும் அதுதான். மேலங்கி புவாரேயுடையது, வெட்கம் லெபாப்புடையது. பாரிஸுக்கும் தண்டியலங்காரத்துக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. நம்மிடம் உள்ள கருவியால் பார்த்தால் இந்தப் படம் துல்லியமாகத் தெரிகிறது என்றுதான் சொல்கிறேன். மேலும் நம் மரபில் அணி என்பது பாட்டின் மேல் ஒட்டிய சரிகையல்ல. பொருளை நினைக்கும் ஒரு முறை அது. 'வெறும் அணி' என்று எந்த இலக்கணக்காரரும் எழுதியதில்லை.

*

இந்தத் தாள்கள் எப்படி உருவாயின என்பதை அறிந்த பிறகு என் பார்வை மாறியது. இவை சாதாரண வண்ண அச்சு அல்ல. பொஷ்வார் என்பது முறையின் பெயர், எளிமையாகச் சொன்னால் ஸ்டென்சில். ஊரில் வாசலில் வைத்துக் கோலமாவைத் தட்டும் துளையிட்ட கோல அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஓவியர் கொடுத்த படத்தைப் பட்டறையில் முதலில் நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். எத்தனை நிறமோ அத்தனை மெல்லிய தகடுகள், பெரும்பாலும் துத்தநாகம் அல்லது செம்பு. அந்தந்த நிறம் விழ வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுவார்கள். கறுப்புக் கோடுகள் முன்பே அச்சிடப்பட்ட தாளின் மேல் தகட்டை வைத்து, கட்டையான வட்டத் தூரிகையால் வண்ணத்தைத் தட்ட வேண்டும். தகட்டை எடு, காயவிடு, அடுத்த தகட்டை வை. ஒரு தாளுக்கு இருபது முப்பது நிறங்கள் ஆவதும் உண்டு. பிரதிகள் நூற்றுக்கணக்கில். பட்டறை நடத்திய ழான் சோதே என்பவர் 1925இல் இந்தத் தொழிலைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

நாங்கள் கணினித் திரையில் ஒரு படத்தை அடுக்கு அடுக்காகப் பிரிப்பதற்கும் இதற்கும் தர்க்கம் ஒன்றே. வேறுபாடு, இங்கே ஒவ்வொரு அடுக்கையும் ஒருவர் ஒவ்வொரு பிரதியிலும் கையால் இட்டிருக்கிறார். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தகட்டின் விளிம்போரம் வண்ணம் மெல்லிய வரப்பாகத் திரண்டு நிற்பது தெரியும். தூரிகை மயிரின் தடம் தெரியும். அந்த அடர்த்தியான நீலத்தையும் சிவப்பையும் இயந்திரம் கொடுத்திருக்காது.

அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. பட்டறை மேசைகளில் வரிசையாக அமர்ந்து தட்டியவர்கள். தாளில் ஓவியரின் கையொப்பம் இருக்கிறது. தைத்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இதழின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. நிறமிட்டவளின் பெயர் எங்கும் இல்லை. என் தொழிலில் இது எனக்குப் பழகிய காட்சி. திட்டத்தின் முகப்பில் ஒருவர் பெயர் இருக்கும். நள்ளிரவில் வேறொரு நாட்டிலிருந்து வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் மின்னஞ்சலின் நகல் வரிசையில்கூட இருக்கமாட்டார்கள். அந்த வரிசையின் இரண்டு பக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன். அதனால் கையொப்பத்தைப் பார்த்தவுடன், யாருடைய ஒப்பம் இங்கே இல்லை என்று கண் தேடுகிறது.

நூறாண்டுகளாக நாம் வியக்கும் இந்தப் படங்களின் நிறம் உண்மையில் யாருடைய திறமை? கோட்டை லெபாப் போட்டார். எந்த நிறம் என்பதையும் அவரே முடிவு செய்தார். ஆனால் அந்த நிறம் தாளில் எவ்வளவு தடிப்பாக விழ வேண்டும், தகட்டை எந்தக் கணத்தில் தூக்க வேண்டும் என்பது இன்னொருத்தியின் மணிக்கட்டு அறிந்தது. விமர்சகர்கள் 'லெபாப்பின் நிறம்' என்று எழுதும்போது இருவரைப் பற்றி எழுதுகிறார்கள். ஒருவரை மட்டும் பெயர் சொல்கிறார்கள்.

*

பெயர் தொலைந்த இன்னொரு பொருளும் இந்தப் படங்களில் இருக்கிறது. அது தலைப்பாகை.

புவாரே தன் நினைவுக்குறிப்புகளில் ஒரு சம்பவத்தைப் பதிந்திருக்கிறார். லண்டனில் சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, அதாவது இன்றைய விக்டோரியா அன்ட் அல்பர்ட்டுக்கு, அங்கே வைத்திருந்த இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு மயங்கிவிட்டார். உடனே தன் தையலறைத் தலைவியைப் பாரிஸிலிருந்து வரவழைத்தார். அவர் நாட்கணக்கில் அங்கே இருந்து, அந்தக் கட்டுகளையும் மடிப்புகளையும் பார்த்துப் பிரதி எடுத்தார். விரைவில் பாரிஸ் சீமாட்டிகளின் தலைகளில் தலைப்பாகை ஏறியது. 1911ஆம் ஆண்டுத் தொகுப்பில் லெபாப்பின் பெண்கள் அதை அணிந்து நிற்கிறார்கள்.

நான் கசெத்தின் இதழ்களைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் அதே அருங்காட்சியகத்தின் கலை நூலகத்தில்தான். தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. தலைப்பாகை கட்டுகிறவர்களுக்கு அதன் மடிப்பு ஒரு மொழி. எந்த ஊர், என்ன தொழில், கல்யாணமா துக்கமா என்பதை அது சொல்லும். யாரோ ஒருவரின் தலையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு வந்தபோது அது தன் ஊரை இழந்தது. பெட்டியிலிருந்து தையலறைக்குப் போனபோது தன் ஆணை இழந்தது. தையலறையிலிருந்து லெபாப்பின் தாளுக்கு வந்தபோது எடையையும் இழந்து, ஒரு நிறத் திட்டாக ஆகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் அது அழகாகிக்கொண்டே வந்தது என்பதுதான் சங்கடம்.

இதற்கு முன்பே பாரிஸைக் 'கிழக்கு' பிடித்திருந்தது. 1910இல் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு 'ஷெஹெரசாத்' ஆடியது. 1911 ஜூனில் புவாரே தன் வீட்டுத் தோட்டத்தில் 'ஆயிரத்து இரண்டாவது இரவு' என்ற பாரசீக விருந்தை நடத்தி, தானே சுல்தானாக அமர்ந்தார். 1912இல் அதே பாலே குழு 'நீலக் கடவுள்' என்ற பெயரில் ஒரு கற்பனை இந்தியாவையே மேடையேற்றியது. இவற்றில் பாரசீகம், இந்தியா, துருக்கி, சீனம் எல்லாம் ஒரே பானையில் வெந்தன.

இந்த அணியின் மிகச் சிறந்த ஓவியர் என்று நான் கருதும் ஜோர்ஜ் பார்பியேயிடம் இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. 1882இல் நாந்த் நகரில் பிறந்து, 1911இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தவர். 1913இல் நிஜின்ஸ்கியின் நடனங்களைப் பற்றி ஒரு படத்தொகுப்பு, 1922 முதல் 1926 வரை ஆண்டுக்கொன்றாக ஒரு சிறிய அலங்காரப் பஞ்சாங்கம் என்று ஓயாமல் உழைத்தவர். கிரேக்கச் சாடிகளில் உள்ள உருவங்களிடமிருந்து கோடு கற்றவர். அவருடைய சமகாலப் பாரிஸ் பெண்களைப் பாருங்கள். கை எங்கே முடிகிறது, கையுறை எங்கே தொடங்குகிறது என்பதில்கூட ஒரு தீர்மானம் இருக்கும். இருவருக்கு இடையே விட்ட வெற்றிடம் அவர்கள் பேசாத பேச்சைச் சொல்லும். அங்கே பார்பியே கண்ணால் கண்டதை யோசித்து வரைகிறார்.

அவரும் அவர் தோழர்களும் கிழக்கை வரையும்போது அந்த யோசனை நின்றுவிடுகிறது. மெத்தை, தூபப்புகை, முத்துச்சரம், தலைப்பாகை, தட்டேந்தி நிற்கும் கரிய பணியாள். படத்துக்குப் படம் இவையே திரும்ப வருகின்றன. கோடு அதே கோடுதான், நிறம் இன்னும் செழிப்பானதுதான். ஆனால் அந்தத் தாளில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரிப் நிழலை விட்டபோது ஓர் உடையைப் புரிந்துகொண்டு விட்டார். இவர்கள் ஊரையும் பெயரையும் விட்டபோது புரிந்துகொள்ள ஒன்றுமே இல்லையென்று விட்டார்கள். இரண்டும் தட்டையான படங்கள்தான். முதலாவது தட்டைமையில் அறிவு இருக்கிறது, இரண்டாவதில் சோம்பல் இருக்கிறது. என் மனக்குறை நம்முடையதை எடுத்துவிட்டார்கள் என்பதல்ல. உடைகள் எப்போதும் ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டுதான் இருந்தன, நாமும் அப்படித்தான் வந்தோம். எடுத்ததை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதே குறை. தங்கள் ஊர்க் கையுறைக்குக் கொடுத்த கவனத்தை அந்தத் தலைப்பாகைக்கும் கொடுத்திருந்தால் அது இன்னும் நல்ல படமாக வந்திருக்கும்.

*

இந்தக் காலம் நீண்டு நிற்கவில்லை. 1914இல் போர் வந்ததும் கசெத் தடைப்பட்டது. 1915இல் ஒரு சிறப்பிதழ் மட்டும் வந்து, 1920இல்தான் மீண்டும் ஒழுங்காக வெளியானது. பின்னர் அமெரிக்கப் பதிப்பாளர் கொண்டே நாஸ்டின் கைக்குப் போய், 1925இல் 'வோக்' இதழோடு கலந்து மறைந்தது. 1932 ஜூலையில் வோக்கின் அட்டையில் முதன்முதலாக வண்ணப் புகைப்படம் வந்தது. எடுத்தவர் எட்வர்ட் ஸ்டைகன். அதே ஆண்டுதான் பார்பியே இறந்தார். 1929இல் கடையை மூடிய புவாரே 1944இல் வறுமையில் இறந்தார்.

உண்மை வந்தது, அலங்காரம் ஓடியது என்று இதைச் சொல்வது வழக்கம். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். 1911 ஏப்ரலில் ஒரு பாரிஸ் கலை இதழ் புவாரேயின் உடைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் லெபாப்பின் வரைபடங்களும் ஸ்டைகனின் புகைப்படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. நவீன உடைப் புகைப்படக்கலையின் தொடக்கம் என்று பலர் சுட்டுவது அந்தப் படங்களைத்தான். பார்த்தால் அவை பனிமூட்டத்துக்குள் எடுத்தவைபோல மென்மையானவை. ஒளியும் நிற்கும் விதமும் ஓவியம்போல அமைக்கப்பட்டவை. உடையின் தையல் எங்கே என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்று கமெராவும் அலங்காரம்தான் செய்தது.

தண்டியலங்காரம் அணிகளை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது எதை? தன்மையணியை. ஒரு பொருளை அது உள்ளபடி சொல்வது. உள்ளபடி சொல்வதும் ஓர் அணிதான், அதுவே முதல் அணி என்று சொன்ன மரபு நம்முடையது. அந்தப் பார்வையில் ஸ்டைகனும் லெபாப்பும் எதிரெதிர்த் தரப்புகள் அல்லர். இரண்டு அணிகளைக் கையாண்டவர்கள். கேட்க வேண்டியது, இது அலங்காரமா உண்மையா என்பதல்ல. இந்த அலங்காரம் பொருளைப் பார்த்துச் செய்ததா, பார்க்காமல் செய்ததா என்பதுதான்.

லூசியன் வோகெலுக்கு இது புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். நாட்டின் மிக விலையுயர்ந்த கைவண்ணத் தாள்களை வெளியிட்ட அதே மனிதர் 1928இல் 'வூ' என்ற புகைப்பட வார இதழைத் தொடங்கினார். 1933இல் ஜேர்மனியின் டஹாவ் வதைமுகாமைப் பற்றிய படங்கள் அந்த இதழில் வந்தன. அவற்றின் பின்னால் இருந்தவர் வோகெலின் மகள் மாரி-குளோத். பின்னாளில் அவரே அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிர் தப்பி, நியூரம்பெர்க் விசாரணையில் சாட்சி சொன்னார். மேலங்கியின் மடிப்பை ஊன்றிப் பார்க்கப் பழகிய வீட்டிலிருந்து அப்படியொரு கண்ணும் வந்தது. இதிலிருந்து நான் எந்த நீதியும் இழுக்கப் போவதில்லை. ஆனால் கேளிக்கை இதழ் நடத்தியவர் என்று ஒருவரை ஒரு பெட்டியில் போட்டு மூடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்கிறேன்.

கலை நூலகத்தில் அன்று கடைசியாகப் பார்த்தது, என் வீட்டுச் சுவரில் இருக்கும் அதே தாளின் இன்னொரு பிரதியை. கைபேசியில் என் தாளின் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு ஒன்றே. நிறம் ஒன்றல்ல. நூலகத்துப் பிரதியில் சிவப்பு சீராக, மெல்லியதாக இருந்தது. என்னுடையதில் அது தடித்து, மேலங்கியின் கீழ்விளிம்பில் கறுப்புக் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே வழிந்திருந்தது. தகடு சற்று நகர்ந்திருக்க வேண்டும். அல்லது மாலையாகி வெளிச்சம் குறைந்திருக்கலாம், கை களைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, இப்போது என்னைவிட உயரமாகிவிட்ட மகளைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினேன். கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பிழை விட்டிருக்கிறா" என்றாள். ஓவியரைப் பற்றியல்ல, நிறம் தட்டியவளைப் பற்றி. நூறாண்டுகளில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவர் பேசிய முதல் வாக்கியம் அதுவாகக்கூட இருக்கலாம்.